பெரட்டைப் புரட்டு ஆக்காதீங்க

தமிழுக்குக் கணினிக் கருவி செய்கிறோம் என்று சொல்லும் எல்லாரிடமும் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கு: எந்தத் தமிழுக்கு?

கணினி மொழியைத் தானாகப் படித்துவிடுவதில்லை. யாரோ உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாக, இது பெயர், இது வினை, இது ஊர் என்று குறி போட்டுக் கொடுக்கணும். அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கு. 2012இல் வந்த பிராட், ஜெர்மனியின் டாம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இன்செப்ஷன், இரண்டும் இலவசம். கருவியோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அதுக்குள்ளே போடுகிற தமிழோடும், குறிகளுக்கு விதி எழுதுகிறவர்களோடும்தான் சண்டை.

‘யுனிவர்சல் டிபென்டன்சீஸ்’ என்பது பல மொழிகளுக்கும் ஒரே 17 சொல்வகைகளை வைத்துக் குறி போடும் திட்டம். அதில் தமிழுக்கு இருக்கும் தொகுப்புகளில் ஒன்று பிராக் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. 600 வாக்கியம், செய்தித்தமிழ். இன்னொன்று இலக்கண நூலொன்றின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். செய்தவர்களின் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் செய்தியிலும் இலக்கணத்திலும் பெரட்டுக்களத்துப் பேச்சு எப்படி வரும்?

“அவளுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்.” கலஹாப் பக்கத்துத் தோட்டங்களில் இதுக்கு விளக்கம் தேவையில்லை. கொழுந்து நிறை குறைஞ்சதால பாதிநாள் சம்பளம். செய்தித்தமிழ் மட்டும் படித்த கணினிக்குப் பேர் என்றால் ஆளின் பெயர், இல்லாட்டி ஆள் எண்ணிக்கை. லயம் என்றால் சங்கீதம். எழுத்துப்பிழை திருத்தப் போனால் பெரட்டு புரட்டாகும். ஆள் எடுக்கிற இடம் பொய் சொல்கிற இடமாகிவிடும்.

சிரிப்பாகத்தான் இருக்கு. ஆனால் தொழில் திணைக்களத்துக்குப் போகும் முறைப்பாட்டை நாளைக்கு ஓர் இயந்திரம் சிங்களத்துக்கு மாற்றும்போது, ‘அரைப்பேர்’ தொலைந்தால் தொலைவது ஒரு சொல் மட்டுமில்லை. வெட்டப்பட்ட கூலியும்தான்.

“பேச்சுமொழியைச் சேர்த்தால் தரம் போயிடும்” என்கிறார்கள். அந்தத் திட்டத்தின் விதிகளிலேயே வட்டார வழக்கைத் தனியாகக் குறிக்க இடம் இருக்கு. இடம் இருந்தும் ‘பிழை’ என்று குறி போடுவது சோம்பல், இல்லாட்டி இளக்காரம்.

சேர்க்கிற வேலை எங்களுக்குப் புதிதுமில்லை. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. இன்றைக்கு அதை வாய்மொழிப் பதிவோடும் குறிகளோடும் செய்யலாம். பேராதனையிலிருந்து வரும் கலஹா வீதி பல்கலைக்கழகத்தைக் கடந்துதான் தோட்டங்களுக்கு ஏறுது. தூரம் ஒரு சாட்டில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இந்த மென்பொருள்களில் பலர் குறி போடுவார்கள். முரண் வந்தால் கடைசியில் ஒருவர் தீர்ப்பார். தராசைப் பிடிக்கிறவர் யார் என்பது கொழுந்து நிறுத்த காலத்திலிருந்தே எங்கள் வீடுகளில் இருக்கிற கேள்வி. விதி எழுதும் மேசையிலும் தீர்ப்புச் சொல்லும் கதிரையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கணும். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலிக்குக் குறி போட மட்டும் எங்களைக் கூப்பிடாதீங்க.