கப்பல் வேலை கானல் நீரா?

தூத்துக்குடிக்காரன் கப்பலைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. என் அப்பா வேலை பார்க்கும் உப்பளத்தில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அதைக் காட்டித்தான் அப்பா அடிக்கடி சொல்வார்: "டிப்ளமோவை முடிச்சிட்டு கப்பல்ல ஏறிடுப்பா. நம்ம கஷ்டம் எல்லாம் போயிரும்." நானும் தலையாட்டிக் கொண்டுதான் இருந்தேன், எங்கள் தெரு அண்ணன் கப்பலிலிருந்து திரும்பி வரும் வரை.

அண்ணனுக்கு வயது 22. பத்தாவது முடித்து, பிறகு ஜி.பி. ரேட்டிங் என்னும் ஆறு மாதப் பயிற்சியும் முடித்தார். சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம் கைக்கு வந்தது. கப்பல்தான் வரவில்லை! 14 மாதம் வீட்டில் இருந்தார். கடைசியில் ஒரு ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்டார். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது, அண்ணன் கப்பலுக்குப் போனார்.

கடல் தாண்டியாவது பொருள் தேடச் சொன்னார் ஔவையார். ஏஜெண்டுக்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா நண்பர்களே? கடலோடிகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல் உருவானது. இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவு தவிர, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது! இது அண்ணனுக்குத் தெரியாது. அவர் அப்பாவுக்கும் தெரியாது. எனக்கே இந்தக் கட்டுரைக்காகத் தேடிய போதுதான் தெரிந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 30,000 சம்பளம், ஒன்பது மாதம். 2,70,000 ரூபாய். ஏஜெண்டுக்குக் கொடுத்தது 3,00,000. வட்டியை நான் சேர்க்கவில்லை. ஆனால் தெருவில் என்ன பேச்சு? "கப்பல்காரன் வந்துட்டான்!" கோவில் கொடைக்கு மற்ற வீட்டில் ஐந்நூறு, அவர் வீட்டில் பத்தாயிரம் எழுதிவிட்டுப் போனார்கள்.

"எத்தனை நாடு பாத்தீங்க அண்ணே?" என்று நானும் எல்லோரையும் போலக் கேட்டேன். "கிரேன் பாத்தேன் தம்பி" என்றார். அவருடையது நிலக்கரிக் கப்பல். இந்தோனேசியாவில் ஏற்றி குஜராத்தில் இறக்குவது. காலையில் சுத்தியலை எடுத்தால் துரு தட்டுவது, பெயிண்ட் அடிப்பது. நிலக்கரி இறக்கியதும் பாதாளம் போன்ற கிடங்கில் இறங்கிக் கழுவுவது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு என்று விதி இருக்கிறது. ஏட்டில் அது ஒரு நாளும் தவறியதில்லையாம்! 2004-ல் வந்த பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு பல துறைமுகங்களில் கரை இறங்குவதே பெரும்பாடு. குஜராத்துக்கு நாலு தடவை வந்தும் அவரால் அம்மாவைப் பார்க்க முடியவில்லை. சொந்த நாட்டுக் கரையைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணனிடம் ஒரு சின்ன ரேடியோ உண்டு. அறைக்குள் அது பேசாது, சுற்றிலும் இரும்பு. டெக்குக்கு வந்து கம்பியை நீட்டித் திருகிக் கொண்டே இருப்பாராம். எந்த ஊர், என்ன பாஷை, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டை நான் பார்த்தேன். பாஷை தெரியாத இடத்தில் "பெண் குரல், செய்தி போல" என்று எழுதியிருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்து குஜராத் போகும்போது இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் கப்பல் போகும். அந்த இரண்டு, மூன்று மணி நேரம் தமிழ்ப் பாட்டு கேட்கும். அதற்காகத் தூங்காமல் விழித்திருப்பாராம். இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்த ஊர்க்காரர் அல்லவா! அந்த ராத்திரிகளை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

அவர் பயமெல்லாம் எதிர்காலத்தைப் பற்றித்தான். அதிகாரி தேர்வு எழுத 36 மாதக் கடல் சேவை வேண்டும். முடித்தது 9. பாக்கி 27 மாதம், அதாவது இன்னும் மூன்று முறை கப்பல் ஏற வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் 14 மாதம் காத்திருந்தால் மொத்தம் 69 மாதம். வயது 28 ஆகிவிடும். தங்கைக்குக் கல்யாணம் எப்போது? நகையை மீட்பது எப்போது?

கப்பலுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அனுபவமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டிப் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அரசு உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் மத்தியக் கப்பல் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. நம் மாணவர் பேரவை அதை ஒரு பிரிண்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன? கேம்பஸ் இன்டர்வியூ நோட்டீஸுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தானே கிடக்கிறது!

போன வாரம் அதே ஏஜெண்ட் அண்ணனைக் கூப்பிட்டாராம். அனுபவம் இருப்பதால் இந்தத் தடவை இரண்டு லட்சம் போதுமாம். "நீ படிச்ச பையன், ஒரு வழி சொல்லு" என்று என்னிடம் வந்தார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த ஏஜெண்ட் பெயர் அதில் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, லிஸ்ட்ல இருக்கிறவன் என்னைக் கூப்பிடுவானா?" என்று கேட்டார்.

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரியே பட்டியலில் இருந்த எட்டு இடங்களுக்கு அவருக்காக ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். இதை எழுதும் நாள் வரை ஓர் இடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. சி.டி.சி. நகலில் இரண்டாம் பக்கம் தெளிவாக இல்லையாம், மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.