கம்ப்ரசரைக் கழற்றும் முன்...

ஆலப்புழை படகுவீட்டில் வேலை பார்க்கும் மாமா, குமணன்சாவடியில் இருக்கும் எனக்கு போன் செய்தார். "மாப்ளே, ஃபிரிட்ஜ் ஓடலை. கம்ப்ரசரையே மாத்தணுமாம். உள்ளே என் இன்சுலின் இருக்கு!"

அது 12 வோல்ட் டான்ஃபாஸ் பிடி35 கம்ப்ரசர். "எல்.இ.டி. விட்டுவிட்டு எத்தனை தடவை மின்னுது மாமா?" என்றேன். ஒரே தடவையாம். வோல்டேஜ் குறைவு என்பதற்கான குறியீடு அது. 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகவே நின்றுவிடும். மல்டிமீட்டரில் பார்க்கச் சொன்னேன். பேட்டரியில் 12.5 இருந்தது, ஸ்டார்ட் ஆகும்போது கம்ப்ரசர் முனையில் 10தான். நடுவில் களிம்பு ஏறிய ஒயர் இணைப்பு! சுரண்டி இறுக்கியதும் ஓடியது.

கம்ப்யூட்டரும் இப்படித்தான். பீப் ஒலியை எண்ணாமல், கேபிளை அசைத்துப் பார்க்காமல் 'மதர்போர்டு போச்சு' என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.