அம்மைக் கணக்கு, ஆண்டைக் கணக்கு

எங்க தெருவில் அதை மணல்வாரி என்போம். ஆஸ்பத்திரியில் தட்டம்மை. 1996இல் என் தங்கச்சிக்கு வந்தது. ஆத்தா இறங்கியிருக்கா என்று அம்மா வேப்பிலையில் படுக்க வைத்தாள். எட்டாம் நாள் மூச்சுத் திணறிச் செத்துப்போச்சு. ஒன்றேகால் வயசு. எந்தப் பதிவேட்டிலும் அந்தச் சாவு இல்லை. பிறந்ததே பதிவாகாதவளுக்குச் செத்தது எங்கே பதிவாகும்?

மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்க வருவார்கள் படித்த பெருமக்கள். ஊசி போடுற நர்சம்மா ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தோடு திரும்பிப் போய்விடுவார். அம்மா அந்நேரம் ஆண்டை வயலில் நடவில் நிற்பாள். ஒருநாள் கூலி போனால் ஒருநாள் உலை இல்லை. இது மூடநம்பிக்கையா, சாதியா?

நிலைமை மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. மறுக்கவில்லை. 2010இல் இரண்டாவது தவணை வந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காய்ச்சலும் தடிப்பும் கண்ட குழந்தை ஒவ்வொன்றையும் பதிந்து, இரத்தம் எடுத்துச் சோதித்து, எத்தனை தவணை போட்டது என்று எழுத வேண்டும். அதற்குப் பெயர் தேசியக் கண்காணிப்பு. ஒழிப்போம் என்று 2020ஐச் சொன்னார்கள். பிறகு 2023. இப்போது 2026. கெடு நகர்கிறதே தவிர நோய் நகரவில்லை.

ஏன்? இலக்கு 95 சதவீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் தோழர்களே. ஒரு கிராமத்தில் 100 குழந்தைகள். ஊரில் 80, சேரியில் 20. ஊரில் எல்லோருக்கும் ஊசி. சேரியில் 15 பேருக்கு மட்டும். மொத்தம் 95. இலக்கு முடிந்தது, அதிகாரிக்குப் பாராட்டு. ஆனால் சேரியில் நாலில் ஒன்று வெறும் உடம்பு. தடுப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒரு குழந்தை 12 முதல் 18 பேர்வரை பரப்பும் நோய் இது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அது யாரைத் தேடிப் போகும்?

நான் பேங்கில் கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவன். ஆண்டையின் டெபாசிட்டையும் எங்க அம்மாயியின் முதியோர் பென்ஷனையும் கூட்டி ரெண்டால் வகுத்தால் அம்மாயியும் லட்சாதிபதிதான். சராசரி என்பது இதுதான். ஊரும் சேரியும் ஒன்றாக வாழ்வது அரசாங்கத்தின் சராசரியில் மட்டும்தான்.

கண்காணிக்கத் தெரியாத அரசா இது? சேரியில் அம்பேத்கர் சிலைக்குப் பீடம் கட்டிப் பாருங்கள். சிமெண்டு காய்வதற்குள் போலீஸ் வேன் வந்து நிற்கும். யார் வந்தான், எவன் பேசினான், அத்தனையும் ஸ்டேஷன் குறிப்பில் ஏறும். அதே தெருவில் குழந்தை உடம்பில் தடிப்பு ஏறினால் மட்டும் கண் தெரியாது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்கு வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொன்னது தமிழக அரசு. 2005-06இல் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 80.9 சதவீதம். 2015-16இல் 69.7. அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊசி தெருவைவிட்டுப் போனால், பஸ் காசும் அரைநாள் கூலியும் இல்லாதவள் பிள்ளைதான் முதலில் விடுபடும். 2019-21இல் 89.2க்கு ஏறியது. விடுபட்டவர்கள் எந்தத் தெரு என்பதுதான் நம் கேள்வி.

2022இல் மும்பை கோவண்டி. தேவனார் குப்பைமேட்டின் ஓரத்து மக்கள். பிள்ளைகள் செத்த பிறகுதான் மத்தியக் குழு வந்தது. சாவுதான் அங்கே முதல் தகவல் அறிக்கை.

ஊசியே சதி என்று செல்போனில் சுற்றும் புளுகை நம்பாதீர்கள். ஊசி நம் உரிமை. அது சேரிக்குள், கூலிவேலை முடிந்த சாயங்காலம், வர வேண்டும். ஊர், சேரி என்று தனித்தனியாகக் கணக்கு வெளியிட வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு வருசத்துக்கு 2 பேராவது 'தட்டம்மை இல்லை' என்று சோதித்து ஒதுக்கப்பட்டிருந்தால்தான் ஒழுங்காகத் தேடியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். மாவட்டத்துச் சேரிகளை மட்டும் சேர்த்து அந்த அளவுகோலை வைத்துக் காட்டட்டும்.

காட்டும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவத் தோழர்களே, லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப்போங்கள். தெருவில் ஒவ்வொரு தாயிடமும் ஊசி அட்டையைக் கேளுங்கள். அட்டை இல்லாத பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள்.

என் தங்கச்சி பெயரை யாரும் எழுதவில்லை.