கடை குறைந்தால் லாரிச் செலவு குறையுமா?

நஷ்டத்தில் ஓடும் கடைகளை ஒரு நிறுவனம் மூடினால், 'நல்லதுதானே, செலவு மிச்சம்' என்றுதான் தோன்றும். ஆனால், மீதிக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் கணக்கே வேறு!

சென்னையிலிருந்து வரும் லாரிக்குத் திண்டிவனத்தில் பாதை பிரிகிறது. ஒன்று விழுப்புரத்துக்கு, ஒன்று செஞ்சிக்கு, இன்னொன்று புதுச்சேரிக்கு. புதுச்சேரிப் பக்கம் ஓமந்தூர், கிளியனூர் என ஆறு ஊர்களில் ஒரு நிறுவனத்துக்குக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 6,000 ரூபாய் என்றால், கடைக்கு 1,000 ரூபாய். நான்கு கடைகளை மூடிவிட்டால்? டீசல், டிரைவர் படி, சுங்கக் கட்டணம் எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மிஞ்சிய இரண்டு கடைகளும் ஆளுக்கு 3,000 ரூபாய் சுமக்க வேண்டும்.

உடனே, 'லாரி நிறையட்டும், பிறகு அனுப்பலாம்' என்பார்கள். வாரம் ஒருமுறை வந்த சரக்கு மாதம் இருமுறையாகும். பருப்பு இருக்கும், எண்ணெய் இருக்காது. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிடுவார். நன்றாக ஓடிய கடையும் நஷ்டக் கணக்கில் சேரும்.

1997-ல் சென்னையில் தொடங்கிய 'சுபிக்‌ஷா', முதலில் தமிழ்நாட்டுக்குள்தான் வளர்ந்தது. பிறகு நாடெங்கும் பரவி, 2008-ல் சுமார் 1,600 கடைகளை எட்டியது. கையிருப்புப் பணம் வற்றியதும் சரக்கு நின்றது, அலமாரிகள் காலியாகின. 2009 தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. மாறாக, அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டன், கிடங்கிலிருந்து ஒரு நாளில் லாரி போய்ச் சேரும் தூரத்துக்குள்தான் கடைகளை நெருக்கமாகத் திறந்தார்.

எனவே, மூடும்போதும் பாதையைப் பார்த்துத்தான் மூட வேண்டும். தனித்து நிற்கும் கடைக்குச் சொந்த லாரி கட்டுப்படியாகாது. பல கம்பெனிச் சரக்கை ஏற்றிக்கொண்டு பெட்டிக்கடைவரை வரும் ஏஜென்சிகளின் லைன் வண்டியோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

சேமிப்பைப் போட்டு ஃபிரான்சைஸ் எடுக்கப் போகிறீர்களா? வாடகை, கமிஷன் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சரக்கு எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது? அதே பாதையில் வேறு எத்தனை கடைகள் இருக்கின்றன? அவை மூடப்பட்டால் என் கடைக்கு லாரி வருமா? மூன்றாவது கேள்விக்கான பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.