நினைப்பை மாற்றினால் மரபணு மாறுமா? லயத்து நோய்க்கு லயத்துச் சனத்தையே குற்றம் சொல்லாதீர்கள்!

இது கொஞ்சம் நீண்ட பதிவு. இறம்பொடை, புசல்லாவை, கொத்மலைப் பக்கத்து ஆட்கள் தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சுத்தான். "உங்கள் நினைப்புத்தான் உங்கள் மரபணு. நினைப்பை மாற்றினால் சீனி வருத்தம் போகும், பிரஷர் போகும், பரம்பரை வருத்தமும் போகும்." இதற்குக் காணொளி போடுகிறார்கள், காசு வாங்கிப் பயிற்சி வகுப்பும் வைக்கிறார்கள். இதைக் கேட்டு மாத்திரையைக் குறைத்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வகுப்பில் எழும்பி, "சேர், நினைச்சா ஜீன் மாறுமாமே?" என்று கேட்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் இதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதற்குப் படித்தோம், எதற்குப் படிப்பிக்கிறோம்?

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் லிப்டன் என்பவர் 2005இல் நம்பிக்கையின் உயிரியல் பற்றி ஒரு புத்தகம் போட்டார். இன்று தமிழில் ஓடும் பல காணொளிகளுக்கு அதுதான் ஊற்று. அவர் சொல்லும் சோதனை உண்மையானதுதான். ஒரே மாதிரியான செல்களை வெவ்வேறு ஊட்டக் கரைசலில் வளர்த்தால் ஒன்று தசையாகிறது, ஒன்று எலும்பாகிறது, ஒன்று கொழுப்பாகிறது. சரி. ஆனால் அந்தக் கரைசலில் இருந்தது என்ன? இரசாயனப் பொருட்கள். யாருடைய நம்பிக்கையும் அதில் ஊற்றப்படவில்லை. "சூழல் செல்லை மாற்றும்" என்ற கரையிலிருந்து "நினைப்பு மரபணுவை மாற்றும்" என்ற கரைக்கு ஒரே பாய்ச்சலில் பாய்ந்துவிட்டார்கள். நடுவில் பாலம் இல்லை.

தேயிலைக்கு நடுவில் வாழும் நமக்கு இது விளங்காத விஷயமா? தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.ஆர்.ஐ. 2025 கன்றைப் பாருங்கள். தண்டு வெட்டி வளர்த்த கன்றுகள் எல்லாவற்றுக்கும் மரபணு ஒன்றுதான். ஒரு மலையில் காலத்துக்குப் பசளை போட்டு, கவ்வாத்து வெட்டி, புல் பிடுங்கினால் கொழுந்து குலுங்கும். அடுத்த மலையைக் காடாக விட்டால் அதே கன்று வங்கியடித்து நிற்கும். பசளை போடாத துரை வந்து, "செடியின் மனநிலை சரியில்லை, அதற்கு நல்லெண்ணம் போதாது" என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? கொழுந்துக்கு ஒத்துக்கொள்ளாததைக் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்?

மரபணுவின் எழுத்து மாறாமலே, எந்த எழுத்து வாசிக்கப்படுகிறது, எது மூடி வைக்கப்படுகிறது என்பது மாறலாம். விஞ்ஞானம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் இராணுவம் உணவை மறித்ததால் கடும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் தொடக்க மாதங்களில் இருந்த பிள்ளைகளை அறுபது வருடத்துக்குப் பிறகு சோதித்தார்கள். வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் மேலிருந்த இரசாயன அடையாளம், பஞ்சத்துக்கு அகப்படாத அவர்களுடைய சொந்தச் சகோதரர்களை விட அவர்களில் குறைவாக இருந்தது. 2008இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அந்தப் பிள்ளைகளின் உடம்பில் அடையாளம் வைத்தது தாய் சாப்பிடாத சோறு. தாயின் கெட்ட நினைப்பு இல்லை.

இப்போது நம் பக்கம் வாருங்கள். 2016 குடித்தொகை சுகாதார மதிப்பாய்வில், இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. தோட்டத்துத் தாய்மார் நாட்டிலேயே அதிகமாகக் கெட்டது நினைக்கிறார்களா? சம்பளம், சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, பத்துக்குப் பத்துக் காம்பரா, ஆள் இல்லாத டிஸ்பென்சரி, இவற்றைப் பேசாமல் "உன் எண்ணத்தைச் சரிசெய்" என்று சொல்வது யாருக்கு வசதி? கணக்குக் கேட்கப்பட வேண்டியவர்களுக்குத்தான் வசதி. இதில்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது.

அப்படியென்றால் மனசுக்கு உடம்பில் ஒரு வேலையும் இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். மறதி நோய் வந்த சொந்தக்காரரை வருடக்கணக்கில் பராமரிக்கும் பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத பெண்களுக்கும் ஒரே அளவான சிறு காயத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். சுமை சுமந்தவர்களின் காயம் ஆற ஏறக்குறைய 9 நாள் கூடுதலாக எடுத்தது. ஓயாத கவலை உடம்பைத் தின்னும் என்று நம் உம்மாமார் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது "நேர்மறைச் சிந்தனை" வகுப்பா, தோள் மாற்றிக் கொடுக்க இன்னொரு ஆளா? யோசியுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்ப் பனியில் இளைப்பு இல்லாத வீடு குறைவு. 2011இல் இளைப்பு நோயாளிகளிடம் ஒரு சோதனை. உண்மையான பம்ப் அடித்தவர்களும், மருந்தே இல்லாத வெறும் பம்ப் அடித்தவர்களும் "இப்போது சுகம்" என்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் சொன்னார்கள். கருவியில் மூச்சை அளந்தபோது, உண்மையான மருந்து எடுத்தவர்களுக்கு நூற்றுக்கு 20 அளவில் மூச்சு கூடியிருந்தது. வெறும் பம்புக்கு 7 அளவில்தான். ஒன்றுமே கொடுக்காமல் காத்திருக்க வைத்தபோதும் அதே 7 தான். நம்பிக்கை அவர்களுக்கு ஆறுதல் கொடுத்தது, சுவாசக் குழாயைத் திறக்கவில்லை. நடுச்சாமத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது இந்த வித்தியாசம்தான் உயிர்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவர்களிடம் ஒரேயொரு கேள்வி. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் உலகத்திலேயே முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் அந்த வகைச் சீனி வருத்தம் வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து மௌத்தானார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு நம்பிக்கை போதாமல் இருந்ததா? அழுது தொழாத தாய் ஒருத்தி இருந்திருப்பாளா?

நம் நாடு இந்தப் பாடத்தை ஏற்கனவே ஒரு தடவை படித்தது. 2020 டிசம்பரில் கேகாலை தம்மிக்க பண்டாரவின் பாணிக்கு, கொரோனாக் காலத்தில், ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றது. சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சியே அதைக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அதே காலத்தில் முஸ்லிம்களாகிய நாம் என்ன அனுபவித்தோம்? அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்ற ஒரு நம்பிக்கைக்காக, உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். "ஆதாரத்தைக் காட்டுங்கள்" என்று அன்று நாடு பூராவும் கேட்டோம். அன்று ஆதாரம் கேட்ட வாயால் இன்று ஒரு காணொளியிடம் ஆதாரம் கேட்காவிட்டால், நம் கேள்விக்கு என்ன மதிப்பு?

"மார்க்கம் நம்பிக்கையைத்தானே சொல்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. துஆ கேளுங்கள், கோயிலுக்குப் போங்கள், நேர்த்தி வையுங்கள். மனசுக்கு அது பலம். அந்தப் பலத்தோடு க்ளினிக்குக்கும் போங்கள். ஷிஃபா தருபவன் அல்லாஹ் என்று நம்புகிறவன், மருந்தையும் அவன் தந்ததாகத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

கடைசியாக, உண்மையாகவே மரபணுவைப் பற்றிப் பேசுவோம். மச்சான், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கலியாணம் முடிப்பது முஸ்லிம் வீட்டிலும் உண்டு, தமிழ் வீட்டிலும் உண்டு. தாய், தகப்பன் இருவருமே தலசீமியா காவிகளாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த நோய் வர இடமுண்டு. காவியாக இருக்கிறவருக்கு ஒரு வருத்தமும் வெளியே தெரியாது. பிறந்த பிள்ளைக்குக் காலம் பூராவும் இரத்தம் ஏற்ற வேண்டி வரும். குருநாகல் ஆஸ்பத்திரித் தலசீமியா நிலையத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். நல்லதை நினைத்து இதைத் தடுக்க முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே அறியலாம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். டொக்டரைக் கேட்காமல் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். கலியாணம் பேசும் வீடுகள் தலசீமியா பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிள்ளையின் க்ளினிக் கார்டில் நிறைக் கோடு இறங்கினால் மிட்வைஃப் அம்மாவிடம் போய்த் திரிபோஷா கேளுங்கள், தரவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பள்ளிவாசல், கோயில், தொழிற்சங்கம் எல்லோரும் சேர்ந்து டிஸ்பென்சரிக்கு ஆள் கேளுங்கள்.

வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் "உன் நினைப்புத்தான் காரணம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏற்கனவே நோயைச் சுமக்கிறவர் தலையில் பழியையும் ஏற்றுவது பாவம். ஒரு பார்சல் பழமும் க்ளினிக்குக்குப் போக ஓட்டோக் காசும் கொண்டுபோங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், மரியாதையாகப் பேசுவோம். ஆனால் வரும்போது ஆதாரத்தோடு வாருங்கள்.