ஆள்வார்திருநகரியும் மூணாங்கிளாஸ் டிக்டேஷனும்

எங்க ஊர்ப் பேரை ஒரு மூணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட சொல்லி எழுதச் சொல்லுங்க. 'ஆள்வார்திருநகரி'ன்னு எழுதினா ஆச்சரியப்படாதீங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். ஆச்சி வாங்கிட்டு வரச் சொல்றது வாளப்பளம். வானத்துல இருந்து பெய்யிறது மளை. நம்மாழ்வார் பிறந்த ஊரு, அவர் பாடினது திருவாய்மொழி, எங்க பாத்தாலும் ழகரம். ஆனா தாமிரபரணித் தண்ணி குடிச்ச நாக்குல மட்டும் அது நிக்கவே நிக்காது :-)

நான் சொல்ல வர்றது இதுதான். அந்தப் பிள்ளை காதுல விழுந்ததை அச்சு அசலா எழுதியிருக்கு. அதுக்குப் போய் இருபது தடவை இம்போசிஷன் கொடுக்கிறோம் பாருங்க, அது அநியாயம்.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். எழுத்துல ள, ழ ரெண்டும் வேற வேற. எங்க பக்கத்துப் பேச்சுல ரெண்டுக்கும் ஒரே சத்தம். அந்தச் சத்தத்தை மட்டும் கொடுத்து, 'இது எந்த எழுத்து, கண்டுபிடி'ன்னா எந்த ப்ரோகிராமும் திணறும். வேணுங்கிற தகவல் வழியிலயே தொலைஞ்சு போச்சே! டிக்டேஷன்ல நடக்கிறது இதுதான். சொல்ற டீச்சரும் பெரும்பாலும் இந்தப் பக்கத்துக்காரங்கதான். அவங்க 'மளை'ங்கிறாங்க, பிள்ளை 'மளை'ன்னு எழுதுது, சிவப்பு வட்டம் விழுது.

'அப்போ உச்சரிப்பைச் சரி பண்ணுங்கய்யா'ன்னு சிலர் கிளம்பி வருவீங்க. பண்ணலாம், பண்ணணும். ஆனா அதோட கதை முடியாது. ர, ற என்ன செய்வீங்க? ந, ன? ழகரத்தை அட்சரசுத்தமா சொல்றவங்ககூட கரி, கறி ரெண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்றாங்க. தொல்காப்பியத்துப் பிறப்பியல்ல எந்த எழுத்துக்கு நாக்கு எங்க போகணும்னு விவரமா இருக்கு. அது அந்தக் காலத்து நாக்கு. இன்னைக்குக் காதை மட்டும் நம்பித் தமிழைப் பிழையில்லாம எழுத முடியாது. பெரியவங்களாலயே முடியாது.

இதுல என்ன பெருசா குடி முழுகிப் போச்சுன்னு கேக்கலாம். ஒண்ணு சொல்றேன்.

2023 டிசம்பர் 17, 18-ல பேஞ்ச மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்க. எங்க ஊர்லயும் வெள்ளம். பள்ளிக்கூடம் திறந்ததும் அதைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. எங்க அக்கா பொண்ணு ஒண்ணரைப் பக்கம் எழுதினா. ராத்திரி பூரா பக்கத்து வீட்டு மாடியில உக்காந்திருந்தது, ஆட்டுக்குட்டியை மேல தூக்கிட்டு வந்தது, அரிசிப்பானை மிதந்து போனது, எல்லாம். திரும்பி வந்த நோட்டுல 'மளை'யைச் சுத்தி ஒன்பது சிவப்பு வட்டம். கீழ '20 தடவை எழுதவும்'. ஆட்டுக்குட்டி என்னாச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை.

அதுக்கப்புறம் அவ எழுதுற கட்டுரை எல்லாம் நாலு வரிதான். சந்தேகமான வார்த்தை வந்தா அந்த விஷயத்தையே விட்டுடுறா. பிழை குறைஞ்சு போச்சுன்னு வீட்ல சந்தோஷம். எனக்கு அந்த நாலு வரியைப் பாத்தாத்தான் பயமா இருக்கு.

ஊர்ப் பேர்ல இன்னொரு வேடிக்கை இருக்கு. ஆழ்வார்னா பக்தியில ஆழ்ந்தவர்னு படிச்சிருக்கோம். சுடலைமுத்து பழனியப்பன்னு ஒரு ஆய்வாளர், 2004-ல வெளியான கட்டுரையில, முதல்ல இருந்தது 'ஆள்வார்'தான் (ஆள்கிறவர், ஆண்டாள் மாதிரி), பின்னாலதான் 'ஆழ்வார்' ஆச்சுன்னு வாதாடுறார். ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் உங்க இஷ்டம். அவர் சொல்றது சரின்னா, பல நூறு வருஷம் முன்னாடி பெரியவங்களுக்கே ள/ழ தடுமாறியிருக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு மட்டும் தண்டனையா?

சரி, என்னதான் செய்யலாம்? நாங்க வீட்ல செஞ்சு பாக்குறது:

1. வார்த்தையைச் சொந்தபந்தத்தோட காட்டுங்க. வாழ், வாழ்வு, வாழ்த்து, வாழ்க்கை. ஆழம், ஆழ்ந்து, ஆழ்வார். ஒரே வார்த்தையை இருபது தடவை எழுதுறதை விட ஒரு குடும்பத்தை ஒரு தடவை எழுதினா மனசுல நிக்குது.

2. மூணு சுழி, ரெண்டு சுழின்னு எண்ணுறதோட விட்டுடாதீங்க. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம்னு பழைய பேர் இருக்கே, அதுலயே விதி இருக்கு. ட-வுக்கு முன்னால ண் (வண்டி), த-வுக்கு முன்னால ந் (பந்து), ற-வுக்கு முன்னால ன் (கன்று). அவளுக்கு இது விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு.

3. புள்ளி வச்ச எழுத்து ரெண்டு அடுத்தடுத்து வந்தா முதல் எழுத்து ள் ஆகாது, ற் ஆகாது. ழ் வரலாம், ர் வரலாம், ய் வரலாம். அதனாலதான் வாழ்க்கை, பார்த்தேன், வாய்ப்பு. 'முயற்ச்சி'ன்னு எழுதுற பதிவர்களும் இதைக் குறிச்சுக்கலாம் :-)

4. கண்ணுக்குத் தீனி போடுங்க. திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல எத்தனை போர்டு! ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரைன்னு படிச்சுக்கிட்டே போகலாம். போர்டுலயே பிழையைக் கண்டுபிடிச்சா ஒரு கடலைமிட்டாய்.

5. இதுதான் முக்கியம். பிள்ளை எழுதினதை முதல்ல படிங்க. சிரிக்க வேண்டிய இடத்துல சிரிங்க, கேள்வி கேளுங்க. அப்புறம் ஒரே ஒரு வார்த்தையை எடுத்துத் திருத்துங்க. மிச்சத்துக்கு நாளைக்கும் நாள் இருக்கு.

எழுத்துப்பிழை படிக்கப் படிக்கக் குறையும். எழுதவே பயந்துட்டா அதுக்கு எந்த இம்போசிஷனும் மருந்து கிடையாது. டீச்சர்களைக் குத்தம் சொல்ல இதை எழுதலை. ஒரு வகுப்புல இத்தனை நோட்டை வச்சுக்கிட்டு அவங்க படுற பாடு தெரியும். ஆனா ஒரு நோட்டுக்கு ஒரு வரி, 'ஆட்டுக்குட்டி நல்லா இருக்கா?'ன்னு எழுத அரை நிமிஷம் போதும்.

உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த எழுத்து வில்லன்? எப்படிச் சமாளிக்கிறீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பிழை இருந்தாலும் பரவாயில்லை, வட்டம் போட மாட்டேன்.