பலப்படும்வரைக்குமா தேவன்?



இந்த வாரத் தியானத்திற்காக 2 நாளாகமம் 26ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். யூதாவின் ராஜாவாகிய உசியாவின் சரித்திரம் அது. அவன் நெற்றியில் தோன்றிய குஷ்டரோகத்திற்காகவே நம்மில் அநேகர் இந்த அதிகாரத்தை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதிகாரத்தின் பாரம் குஷ்டரோகத்தில் அல்ல, 15ஆம் வசனத்தின் கடைசியில் இருக்கிறது. தான் பலப்படும்வரைக்கும் அவன் அதிசயமாய் உதவிபெற்றான் என்று அங்கே வாசிக்கிறோம். பலப்பட்டபோதோ அவன் இருதயம் மேட்டிமை கொண்டது என்று அடுத்த வசனம் சொல்லுகிறது. இவ்விரண்டு வசனங்களுக்கும் இடையே இருக்கிற சிறிய இடைவெளியில்தான் விசுவாசிகளில் பெரும்பாலோர் விழுந்துபோகிறார்கள்.

உசியா யார் என்று பாருங்கள். 16 வயதில் சிங்காசனம் ஏறி, எருசலேமில் 52 ஆண்டுகள் அரசாண்டவன். சகரியாவின் நாட்களில் தேவனைத் தேட மனதிணங்கியிருந்தவன். காத், யப்னே, அஸ்தோத் என்னும் பெலிஸ்தப் பட்டணங்களின் மதில்களை இடித்தான். எருசலேமில் கோபுரங்களைக் கட்டினான். வனாந்தரத்தில் துரவுகளை வெட்டினான். வேளாண்மையில் பிரியமுள்ளவனாய் உழவரையும் திராட்சத்தோட்டக்காரரையும் வைத்திருந்தான். 3,07,500 பேர் கொண்ட சேனையும், அம்புகளையும் பெருங்கற்களையும் எறியும் இயந்திரங்களும் அவனுக்கு இருந்தன. இவற்றில் ஒன்றையும் வேதம் பாவம் என்று சொல்லவில்லை. அவனுடைய உழைப்பு குற்றமல்ல, செல்வம் குற்றமல்ல, திறமையும் குற்றமல்ல. உதவிபெற்றதினால் பலப்பட்டவன், பலப்பட்டபின் உதவி தேவையில்லை என்று எண்ணினானே, அதுவே குற்றம். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று நம் ஊரில் சொல்லுவார்கள். மனிதரிடத்தில் அப்படி நடப்பவனை நாம் நன்றிகெட்டவன் என்கிறோம். தேவனிடத்தில் அப்படி நடக்கும்போது மாத்திரம் அதற்கு "ஆசீர்வாதம்" என்று பெயரிடுகிறோம்.

இது மிகைப்பேச்சு என்று நினைக்கிறீர்களா? நம்முடைய சாட்சி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சையில் பிழைத்தவர் எழுந்து சாட்சி சொல்லுகிறார். விசா கிடைத்தவர் சொல்லுகிறார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த தாய் கண்ணீரோடு சொல்லுகிறாள். நாமும் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம், அது நல்லதே. ஆனால், "இந்த மாதம் எனக்கு ஒரு குறைவும் இல்லை, கையில் பணம் இருந்தது, அதை எப்படிச் செலவிட வேண்டும் என்று கர்த்தரிடத்தில் கேட்டேன், அவர் என் திட்டத்தை மாற்றினார்" என்று ஒருவர் சாட்சி சொல்ல எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திற்கு வருகிறவர்கள் யார், வராமல் நின்றுபோகிறவர்கள் யார் என்று எண்ணிப்பாருங்கள். மகனுக்கு வேலை கிடைக்கும்வரை முன்வரிசையில் முழங்காலில் நின்றவரின் இடம், வேலை கிடைத்த சில மாதங்களில் வெறுமையாகிவிடுகிறது. அவர் தேவனை மறுதலிக்கவில்லை. அவருக்குத் தேவனிடத்தில் இப்போது வேலை இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் போக்கிற்கு வேதவசனம் போன்ற ஒரு வாக்கியமும் நம் நாவில் பழகிவிட்டது. தனக்குத்தானே உதவிசெய்துகொள்ளுகிறவனுக்கே தேவன் உதவிசெய்வார் என்று சொல்லுகிறோமே, அதைச் சொல்லுகிறேன். சிலர் இதைப் பிரசங்கபீடத்திலிருந்தும் வேதவாக்கியமாகவே கூறிவிடுகிறார்கள். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம்வரை தேடினாலும் இது வேதத்தில் இல்லை. பழங்கால கிரேக்கக் கட்டுக்கதைகளின் நீதியாக வழங்கிய கருத்து இது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் தம் பஞ்சாங்கத்தில் அச்சிட்டபின் உலகமெங்கும் பரவியது. வேதத்தில் இல்லை என்பது மட்டுமல்ல, வேதத்திற்கு விரோதமாகவும் இருக்கிறது. நாம் பெலனற்றவர்களாயிருக்கும்போதே கிறிஸ்து அக்கிரமக்காரருக்காக மரித்தார் என்பதல்லவா ரோமர் 5ஆம் அதிகாரத்தின் சுவிசேஷம்? தனக்குத்தானே உதவிசெய்துகொள்ளக்கூடியவனுக்குச் சிலுவை எதற்கு?

அந்த வாக்கியம் உண்மையானால், உதவிசெய்துகொள்ளவே முடியாதவர்களின் கதி என்ன? டோனாவூரில் அநேகம் பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துப்பாருங்கள். 1931இல் விழுந்து காயமுற்ற பிறகு, 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகளை அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அந்த அறையிலிருந்தே பல நூல்களை எழுதினார். ஓடியாடி உழைத்த நாட்களில் தேவன் அவரோடு இருந்தார், படுத்த நாட்களில் விலகிவிட்டார் என்று சொல்ல உங்களுக்குத் துணிவுண்டா? பராலிசிஸ் வந்து நம் சபையில் வீட்டோடு முடங்கியிருக்கும் பெரியவரிடம் போய் இந்த வாக்கியத்தைச் சொல்லிப்பாருங்கள். அது எவ்வளவு கொடிய வாக்கியம் என்று அப்போது விளங்கும்.

இங்கே இரண்டு எதிர்வாதங்களை நான் எதிர்பார்க்கிறேன்.

முதலாவது, "அப்படியானால் உழைக்காமல் கைகட்டி உட்கார்ந்திருக்கலாமா?" என்பது. கூடாது. வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று தெசலோனிக்கேயருக்குக் கட்டளையிட்ட பவுலே, தன்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவைச் சார்ந்து வாழ்ந்தவன். ஜார்ஜ் முல்லர் 1836இல் பிரிஸ்டல் நகரில் ஒரு வாடகை வீட்டில் சிறுமிகள் சிலரைச் சேர்த்து அநாதை இல்லத்தைத் தொடங்கினார். தேவைகளை மனிதரிடத்தில் கேட்பதில்லை, தேவனிடத்தில் மட்டுமே கேட்பது என்று தீர்மானித்தார். 1898இல் அவர் மரிக்குமுன் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவருடைய பராமரிப்பில் வளர்ந்திருந்தார்கள். அவரும் சோம்பியிருக்கவில்லை. கட்டடங்களைத் திட்டமிட்டார், வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தார், ஆண்டறிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டார். ஜெபம் கணக்குப்புத்தகத்திற்குப் பதிலாக நிற்கவில்லை; கணக்குப்புத்தகமும் ஜெபத்திற்குப் பதிலாக நிற்கவில்லை. சார்ந்திருத்தலுக்கு எதிர்ப்பதம் உழைப்பு அல்ல, தற்சார்பு. இவ்விரண்டையும் குழப்புகிறவர்களே ஒருபுறம் சோம்பேறிகளையும் மறுபுறம் உசியாக்களையும் உருவாக்குகிறார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. "பிள்ளை வளர்ந்தால் தகப்பனுடைய கையை விட்டு நடக்க வேண்டாமா? விசுவாசியும் வளர்ந்தால் சொந்தக் காலில் நிற்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் சார்ந்திருத்தலைப் போதிக்கும்போது கர்த்தர் எடுத்துக்கொண்ட உவமை, நடக்கப் பழகும் பிள்ளையல்ல, திராட்சச்செடியும் கொடியும் (யோவான் 15). பிள்ளை வளர்ந்தால் தகப்பனுடைய கை தேவையில்லை. கொடியோ எவ்வளவு நீளுகிறதோ, எவ்வளவு காய்க்கிறதோ, அவ்வளவு அதிகமாய்ச் செடியின் சாறு அதற்குத் தேவை. முளைத்த துளிரைவிடக் குலை தாங்கும் கொடி அதிகமாய்ச் சார்ந்திருக்கிறது. செடியைவிட்டுப் பிரிந்த கொடியைச் சுதந்தரமான கொடி என்று எந்தத் தோட்டக்காரனும் சொல்லமாட்டான், விறகு என்பான்.

வளர்ந்த மனிதன் எப்படியிருப்பான் என்று அறிய வேண்டுமானால் குமாரனையே பாருங்கள். தாமாய் ஒன்றையும் செய்யமாட்டேன் என்று யோவான் 5ஆம் அதிகாரத்தில் சொன்னவர் அவர். பன்னிருவரைத் தெரிந்துகொள்ளுமுன் இராமுழுவதும் ஜெபித்தார். ஐயாயிரம் பேரைப் போஷித்த அன்று மாலை அவர் செய்ததையும் கவனியுங்கள். ஜனங்கள் அவரைப் பிடித்து ராஜாவாக்க மனதாயிருந்தார்கள். அவரோ தனித்து மலையின்மேல் ஏறி ஜெபித்தார். உசியா பலப்பட்டபின் மேட்டிமையானான். இயேசுவோ வல்லமை வெளிப்பட்ட அன்றே பிதாவினிடத்தில் தனித்திருக்கப் போனார். தேவகுமாரனுக்கே வெற்றிக்குப்பின் ஜெபம் தேவைப்பட்டதென்றால், மாதச் சம்பளம் வந்தபின் நமக்குத் தேவையில்லையா?

உசியாவின் பாவம் எங்கே நடந்தது என்பதையும் மறவாதிருங்கள். அது விக்கிரகக் கோவிலில் அல்ல, கர்த்தருடைய ஆலயத்தில் நடந்தது. தூபங்காட்டும் ஊழியம் ஆசாரியருக்கே உரியது. அவனோ தூபகலசத்தைத் தன் கையில் எடுத்தான். ஆசாரியனாகிய அசரியாவும் அவனோடு 80 ஆசாரியர்களும் தடுத்தபோது கோபங்கொண்டான். தேவனை விட்டு அவன் ஓடவில்லை, தன் நிபந்தனைகளின்படி அவரிடத்தில் வந்தான். விசுவாசியின் தற்சார்பு பக்தியின் உடையை உடுத்திக்கொண்டே வரும். ஆலயத்திற்கு மின்விசிறி கொடுத்து அதன் இறக்கையில் தன் பெயரை எழுதுகிறவர், பெரிய காணிக்கை கொடுத்தபின் தன் சொற்படியே சபை நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர், சேகரத் தேர்தலில் வெல்லப் பணத்தை இறைத்துவிட்டு வென்றபின் ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறவர், இவர்கள் எல்லாருடைய கையிலும் இருப்பது உசியாவின் தூபகலசமே.

சபைக்கும் இதே எச்சரிப்பு உண்டு. சுயாதீனம் என்ற சொல்லை நாம் பகைக்கவில்லை. 1903இல் திருநெல்வேலித் திருச்சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, அந்நியருடைய பணத்தையும் ஆட்களையும் எதிர்நோக்காமல், நம் காணிக்கையும் நம் ஆட்களுமே சுவிசேஷத்தைக் கொண்டுபோகட்டும் என்று துணிந்தார்கள். அது நல்ல சுயாதீனம். மனிதரைச் சார்ந்திருப்பதிலிருந்து பெற்ற விடுதலை. ஆனால் மனிதரிடமிருந்து பெற்ற விடுதலையைத் தேவனிடமிருந்தும் பெற்றுவிட்டதுபோல் இன்று நடக்கிறோம். வங்கியில் வைப்புநிதி பெருகப் பெருக, கமிட்டிக் கூட்டத்தின் தொடக்க ஜெபம் சுருங்கிக்கொண்டே போகிறது.

இதற்கு நேரெதிரான வஞ்சகமும் ஒன்றுண்டு. நான் முழுவதும் தேவனையே சார்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, வீடு வாங்கவும் வரன் பார்க்கவும் யாரோ ஒரு ஊழியக்காரருடைய தீர்க்கதரிசனத்திற்காகத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் அநேகர். சிலர் அந்த வார்த்தையை நம்பி மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். இது சார்ந்திருத்தல் அல்ல. தேவனிடத்தில் காத்திருக்கப் பொறுமையில்லாதவன் தேடுகிற குறுக்குவழி. மனுஷன்மேல் நம்பிக்கை வைக்கிறவனைக்குறித்து எரேமியா 17ஆம் அதிகாரம் சொல்லுகிறதை வாசியுங்கள். அந்த மனுஷன் போதகனாயிருந்தாலும் அதே வார்த்தைதான். உங்கள் போதகனாகிய என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே ஜனங்களை எச்சரித்தது பசியைக்குறித்து அல்ல. புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டி, வெள்ளியும் பொன்னும் பெருகும் நாளைக்குறித்தே எச்சரித்தான். ஆகையால் உங்கள் பரீட்சை நாளை மாற்றிக்கொள்ளுங்கள். குறைவுள்ள நாளில் ஜெபிக்கிறீர்களா என்று இனிக் கேட்காதேயுங்கள். அதை எவனும் செய்வான். சம்பளம் வங்கிக்கணக்கில் ஏறுகிற நாளில் முழங்காலில் நிற்கிறீர்களா என்று கேளுங்கள். மருத்துவர் எல்லாம் சரியாயிருக்கிறது என்று சொன்ன நாளில், தேர்வில் மகன் முதலிடம் பெற்ற நாளில், கட்டின வீட்டில் முதல் இரவு படுக்கப்போகும் நேரத்தில், இதுவும் உம்முடையது, இதைவைத்து நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்களா? வீட்டில் மாதத்திற்குரிய அரிசி இருக்கும்போதே அன்றன்றுள்ள அப்பத்திற்காக ஜெபிக்கக் கர்த்தர் நமக்குக் கற்பித்திருக்கிறார். அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே அந்த ஜெபத்தை உண்மையாய்ச் சொல்லக் கூடுமா? இந்த வாரம் முயன்றுபாருங்கள்.

உசியா மரணமடைந்த வருஷத்தில் ஏசாயா ஆண்டவரை உயர்ந்த சிங்காசனத்தின்மேல் கண்டான். 52 ஆண்டுகள் அசையாதிருந்த சிங்காசனம் வெறுமையானபோதும் அந்தச் சிங்காசனம் வெறுமையாகவில்லை. உங்கள் பலம் குன்றும் நாள் வரும்வரை அதைக் காணக் காத்திராதேயுங்கள். பலமுள்ள நாளிலேயே அவரைத் தேடும் கிருபையைக் கர்த்தர் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.